கேஎல்ல (கோலாலம்பூர்ல) காஸ்டிங்குக்கு போர்ட்ஃபோலியோ ரெடி பண்ணது: என் அனுபவம்

காஸ்டிங், அதாவது நடிக்க ஆளு எடுக்குற வாட்ஸ்அப் குரூப்ல இருக்குறவங்களுக்கு இது நல்லா தெரியும். "இந்தியன் லேடி, 25 டு 35, தமிழும் மலாயும் பேசணும், ஷூட் அடுத்த வாரம், ப்ரொஃபைல் இன்னிக்கு ராத்திரிக்குள்ள" அவ்ளோதான் மெசேஜ். வேல முடிஞ்சு எல்ஆர்டி ரயில்ல நின்னுகிட்டே ஃபோன் கேலரிய தேடி, தீபாவளிக்கு எடுத்த படம், யாரு கல்யாணத்துலயோ எடுத்த படம்னு பொறுக்கி அனுப்புறவங்க நெறைய பேரு, நல்லா நடிக்கிறவங்களும் அங்கயே அடிபட்டு போயிடுறாங்க. நான் கேஎல்ல சென்டூல்ல இருக்கேன், பகல்ல ஆஃபீஸ், வாரக்கடைசில மேடை நாடகம். டிவி, விளம்பரம் பக்கமும் போய் பாப்போம்னு முடிவு பண்ணப்போ, மொதல்ல படம், ரெஸ்யூமே, வீடியோ எல்லாம் இருக்குற ஒரு ஃபோல்டர, அதாவது போர்ட்ஃபோலியோவ, ஒழுங்கா ரெடி பண்ணிடணும், மெசேஜ் வந்தா அஞ்சு நிமிஷத்துல அனுப்புற மாதிரி இருக்கணும்னு உக்காந்தேன். அத எப்படி பண்ணேன்னு நெறைய தங்கச்சிங்க கேக்குறாங்க, அதான் எழுதுறேன்.

படத்துலேருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா மிச்சத்த எல்லாம் அதுக்கப்புறம்தான் பாப்பாங்க. மொதல்ல ஒரு ஸ்டூடியோல எடுத்தேன், பேரு வேணாம். எடுத்த அண்ணன் பொறுமையாத்தான் எடுத்தாரு, ஆனா எடிட் பண்ணி அனுப்புனத பாத்தா முகம் நல்லா வெளுத்து போயிருக்கு, கன்னத்துல இருக்குற மச்சத்த காணோம், கழுத்து ஒரு கலர் முகம் ஒரு கலர். "இப்படி குடுத்தாதாம்மா எடுபடும்"னாரு. "அண்ணே, இந்த படத்த பாத்து கூப்டுறவங்க நேர்ல என்ன பாத்தா வேற யாரோன்னுல நெனப்பாங்க, மச்சத்தோடயே குடுங்க"னு சொல்லி எடிட் பண்ணாத ஃபைல கேட்டு வாங்கினேன். இத நான் அழுத்தி சொல்றதுக்கு காரணம் இருக்கு. நம்ம நெறத்த குறைன்னு நெனச்சு 'சரி பண்ற' பழக்கம் இங்க ரொம்ப பேருக்கு இருக்கு, காசு குடுத்து எடுக்குற நாமளும் சும்மா இருந்துடுறோம். காஸ்டிங் பண்றவங்களுக்கு தேவையானது அழகான படம் இல்ல, ரூமுக்குள்ள வரப்போறது யாருன்னு தெரியணும், அவ்ளோதான்.

இன்னொன்னும் அப்போதான் கவனிச்சேன். வெள்ள பேக்ட்ராப் முன்னாடி நிக்க வெச்சு ஆட்டோ மோட்ல எடுத்தா கேமரா அந்த வெள்ளைய பாத்து வெளிச்சத்த கொறச்சிடும், கருத்த முகம் இன்னும் இருட்டா விழும், அப்பறம் எடிட்ல மொத்தமா தூக்குறப்போதான் தோலு சாம்பல் பூத்த மாதிரி ஆகுது. அதனால பின்னாடி சாம்பல் கலரோ வேற மங்கலான சுவரோ இருக்கட்டும், முகத்துக்கு எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு) வைங்கன்னு தைரியமா கேளுங்க. கண்ணுதான் ஷார்ப்பா இருக்கணும், ரெண்டு கண்ணுலயும் வெளிச்சம் ஒரு புள்ளியா தெரியணும்.

ரெண்டாவது தடவ அத்தை மவன்தான் எடுத்தான், அவன்கிட்ட சொந்த கேமரா இருக்கு. மொத வேலையா வெயில் நேரம் பாத்தோம். நம்ம ஊர்ல சூரியன் உச்சிக்கு வர்றது 12 மணிக்கு இல்ல, கிட்டத்தட்ட ஒன்னே கால் மணிக்கு, ஏன்னா ஏற்கனவே சூரியன விட முன்னாடி ஓடுன இங்கத்த கடிகாரத்த 1982 ஜனவரி 1லேருந்து இன்னும் அரை மணி முன்னுக்கு தள்ளி சபா சரவாக் நேரத்தோட ஒன்னாக்கிட்டாங்க. அதனால மத்தியானம் ரெண்டு மணிக்கும் வெயில் மண்டைக்கு மேலதான் நிக்கும், கண்ணுக்குக் கீழ குழி விழுந்த மாதிரி நிழல் அடிக்கும். நாங்க காலைல பசியாறிட்டு பிரிக்ஃபீல்ட்ஸ் போயிட்டோம். பழைய கடை வீட்டு அஞ்சடில, அதாவது கடை முன்னாடி இருக்குற நடைபாதைல, கூரைக்குக் கீழ, ரோட்ட பாத்த மாதிரி நின்னேன். வெயில் நேரா மேல படல, ரோட்டுலேருந்து வர்ற வெளிச்சம் மட்டும் முகத்துல மெதுவா விழுது, தனியா லைட்டே வேணாம். மேக்கப்பு லேசா பவுடர், தலைய வாரி முகத்துலேருந்து ஒதுக்கினேன், பெரிய தோடு கழட்டியாச்சு. கோடு போட்ட சட்டையும் லோகோ போட்டதும் வேணாம், கோடு கேமரால அலையடிக்கும், ஒரே கலர் போதும்.

ரெண்டு லுக்கு எடுத்தோம். ஒன்னு ஷர்ட் போட்டு ஆஃபீஸ் ஆளு மாதிரி, ஒன்னு சாதாரண காட்டன் சேலைல வீட்டு மருமக மாதிரி. நர்ஸ் யூனிஃபார்ம், போலீஸ் யூனிஃபார்ம்னு வேஷம் கட்டி எடுக்குறது எனக்கு பிடிக்கல, முகத்த விட்டுட்டு உடுப்பதான் பாப்பாங்க. அதோட நேரா, இடது பக்கம், வலது பக்கம், முழு உருவம், கை ரெண்டு பக்கமும், பல்லு தெரிய சிரிப்பு ஒன்னு. கைய எதுக்கு கேக்குறாங்கன்னு அம்மா கேட்டாங்க. சமையல் எண்ணெய், சோப்பு, ஃபோன் விளம்பரத்துக்கெல்லாம் கை மட்டும் தனியா க்ளோசப்ல வரும்மா, அதான்.

ரெஸ்யூமே ஒரே பக்கம். உயரம் சென்டிமீட்டர்ல, உடுப்பு சைஸ், எந்த வயசு கேரக்டர் பண்ண முடியும்னு ஒரு ரேஞ்ச். பாஷைய சும்மா பேரு மட்டும் போட்டு விடாதீங்க, மலாய் சரளமா வருமா, வசனமா படிக்க மட்டும் வருமான்னு எழுதுங்க, இங்க அதுதான் பல தடவ முடிவு பண்ணும். ஒரே விளம்பரத்த ரெண்டு மூணு பாஷைல எடுக்குறது இந்த நாட்டுல சாதாரணம். மோட்டர் பைக் ஓட்ட பி2 லைசென்ஸ் இருந்தா போடுங்க, பரதம் தெரிஞ்சா போடுங்க, நீச்சல் தெரியாட்டி நீச்சல் தெரியும்னு போடாதீங்க. நாடகம் பண்ணிருந்தா நாடகத்து பேரு, உங்க கேரக்டரு, டைரக்டரு. எங்க கத்துக்கிட்டீங்கன்னும் போடணும். எங்க வீட்டுக்கு பக்கத்துலயே கேஎல்பேக் இருக்கு, பழைய ரயில்வே பட்டறைய மாத்தி 2005ல தொறந்த தியேட்டர் அது, நான் அங்க போய் நாடகம் பாத்து பாத்துதான் மேடைக்கே வந்தேன். ஆனா பாத்தத ரெஸ்யூமேல போட முடியாது, செஞ்சதுதான் கணக்கு. ஐசி (அடையாள அட்டை) நம்பரும் வீட்டு அட்ரஸும் அந்த பேப்பர்ல வேணவே வேணாம், அந்த ஃபைல் எத்தன குரூப்புக்கு ஃபார்வர்ட் ஆகும்னு யாருக்கும் தெரியாது, வேல உறுதியான பிறகு கேட்டா குடுத்துக்கலாம்.

ஷோரீல், அதாவது நடிச்ச சீன்கள வெட்டி சேத்த சின்ன வீடியோ, அதுதான் கஷ்டம், ஏன்னா கேமரா முன்னாடி பண்ணதே இல்லையே. மேடைய தூரத்துலேருந்து எடுத்த வீடியோ உதவாது, முகமும் தெரியாது சத்தமும் எதிரொலிக்கும். சைபர்ஜெயா பக்கம் சினிமா படிக்கிற பசங்களுக்கு ஃபைனல் இயர் படத்துக்கு ஆளு தேவப்படும், சம்பளம் இருக்காது, சாப்பாடு குடுப்பாங்க. நான் போனேன், ஆனா போறதுக்கு முன்னாடியே "தம்பி, என் சீன மட்டும் நல்ல குவாலிட்டில குடுத்துடணும்"னு மெசேஜ்ல எழுதி வாங்கிட்டேன். பரீட்சை முடிஞ்சதும் எல்லாரும் ஊருக்கு போயிடுவாங்க, அப்பறம் தேடி பிடிக்க முடியாது. கெடச்சதுல ரெண்டு சீன எடுத்து ஒன்றரை நிமிஷத்துக்கு வெட்டினேன். பாட்டு, ஸ்லோமோஷன், பேரு பறந்து வர்றது எதுவும் இல்ல, மொத நொடியிலயே என் முகம் வரும், நான் பேசுவேன்.

செல்ஃப் டேப்புக்கு, அதாவது நடிச்சு காட்டி நாமளே எடுத்து அனுப்புற வீடியோவுக்கு, எங்க வீட்டு நடு ரூமுதான். ஃபோன குறுக்கால வெச்சு, லென்ஸ் என் கண்ணு உயரத்துக்கு, நெஞ்சுலேருந்து மேல ஃப்ரேம். எதிர் வசனம் படிக்க தங்கச்சி. அவள லென்ஸுக்கு ஒட்டி நிக்க வெச்சேன், அப்போதான் என் ரெண்டு கண்ணும் கேமராவுக்கு கிடைக்கும், தள்ளி நின்னா பாதி முகந்தான் தெரியும். அவ ஃபோனுக்கு கிட்ட நிக்கிறதால மெதுவா படிக்கணும், இல்லன்னா அவ குரல்தான் பெருசா கேக்கும். ஃபேன் ஓடுனா மைக்ல இரைச்சல், ஃபேன நிறுத்துனா கேஎல் புழுக்கத்துல ரெண்டே நிமிஷத்துல மேலுதட்டுல வேர்வ மின்னும். ஒவ்வொரு டேக்குக்கும் நடுவுல ஃபேன போட்டு, டிஷ்யூ வெச்சு ஒத்தி, திரும்ப நிறுத்தி எடுத்தோம். துடைக்காதீங்க, ஒத்துங்க, துடைச்சா பவுடர் திட்டு திட்டா போகும்.

அனுப்புறப்போ படத்த சும்மா ஃபோட்டோவா அனுப்புனா வாட்ஸ்அப் அமுக்கி சின்னதாக்கிடும், டாக்குமென்ட்டா அனுப்புங்க. வீடியோவுக்கு யூடியூப்ல அன்லிஸ்டட் லிங்க், தேடுனா வராது, லிங்க் இருக்குறவங்க மட்டும் பாக்கலாம். ஃபைலுக்கு உங்க பேரு, உயரம், எந்த கேரக்டர்னு பேரு வைங்க, அவங்க ஃபோன்ல 'ஐஎம்ஜி'னு ஆரம்பிக்கிற படம் நூத்துக்கணக்குல கெடக்கும். டிரைவ்ல ஒரு ஃபோல்டர், அதுக்கு ஒரு லிங்க், அவ்ளோதான் என் போர்ட்ஃபோலியோ.

ஃபோல்டர் ரெடியானதும் கூப்பிட ஆரம்பிப்பாங்க, அதுல ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் கட்டுங்கன்னு கேக்குறவங்களும் வருவாங்க. வேல குடுக்குறவங்கதான் நமக்கு காசு தரணும், நாம ஒரு வெள்ளி (ரிங்கிட்) கூட கட்டக்கூடாது, எங்கிட்ட கேட்டப்போ நான் பதிலே போடல. விளம்பரம்னா சம்பளத்தோட சேத்து கேளுங்க: எத்தன மாசம் ஓடும், டிவில மட்டுமா ஆன்லைன்லயுமா, மலேசியால மட்டுமா சிங்கப்பூர்லயுமா, அந்த காலத்துல போட்டி கம்பெனி விளம்பரம் பண்ணக்கூடாதுன்னு தடை இருக்கா, காசு எப்போ கைக்கு வரும். இத கேட்டா வேல போயிடுமோன்னு பயப்படுற பிள்ளைங்க இருக்காங்க, எனக்கு மனசு கஷ்டமா இருக்கும். நான் கேட்டதுக்கு யாரும் கோவப்பட்டதில்ல, கேட்டத எழுதிதான் குடுத்தாங்க.

செல்ஃப் டேப்புக்கு எதிர் வசனம் படிக்க ஆளு இல்லன்னா, சென்டூல், செத்தாபாக் பக்கம் இருக்குற பொண்ணுங்க எனக்கு மெசேஜ் போடுங்க, சனிக்கெழம காலைல நான் வந்து படிக்கிறேன்.