நீல மாளிகையின் சுவர்

மலேசியாவின் பினாங்கில் பழைய கடைவீடுகளுக்குச் சுண்ணாம்புக் காரை பூசுவது என் தொழில். லீத் தெருவில் இருக்கும் நீல மாளிகைக்கு வருகிறவர்கள் தங்கப்பூச்சு மின்னும் மரத் தட்டிகளை அண்ணாந்து பார்ப்பார்கள். என் கண் சுவருக்குத்தான் போகும்.

கட்டியவர் சியோங் ஃபாட் சீ. 1840-இல் சீனாவின் குவாங்தோங்கில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, பதின்ம வயதில் பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேறியவர். அரிசி, காப்பி, ரப்பர், வெள்ளீயம், கப்பல் என்று அவர் கால் வைக்காத தொழில் குறைவு. 1892-இல் சீனாவின் யந்தாய் நகரில் ஒயின் ஆலையும் தொடங்கினார். 1916-இல் அவர் இறந்தபோது டச்சு, பிரிட்டிஷ் அரசுகள் கொடியை அரைக்கம்பத்துக்கு இறக்கின.

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்த இந்த வீட்டில் 38 அறைகள், 5 முற்றங்கள், 220 ஜன்னல்கள். கூரை மழை குழாய் வழியே இறங்கி, நடு முற்றத்தில் சற்றே தேங்கிய பிறகுதான் வெளியேறும். நீர் தங்கினால் செல்வம் தங்கும் என்பது சீன வாஸ்துக் கணக்கு. வீடு குளிர்ந்திருப்பதற்கும் அது ஒரு காரணம்.

சரி, சுவருக்கு வருவோம். அந்த நீலம் இந்தியாவிலிருந்து வந்த அவுரிச் செடியின் சாயம். அதைச் சுண்ணாம்பில் கரைத்து அடித்திருக்கிறார்கள். பினாங்கில் ஈரம் ஓயாது. செங்கல் சுவர் தரையிலிருந்து ஓதத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை ஆவியாக வெளியே விட்டுவிடும். பிளாஸ்டிக் கலந்த பெயிண்ட் அடித்தால் அதற்குப் போக வழியில்லை. உள்ளேயே தங்கி உப்புப் பூக்கும், காரை கொப்பளித்து உதிரும். எத்தனை நல்ல கடைவீடுகள் இப்படியே பாழாகின்றன! பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது.

இந்த மாளிகையும் ஒரு காலத்தில் சீரழிந்து, பலர் ஒண்டுக்குடித்தனம் இருந்த இடம்தான். 1990-களில் சீரமைத்தவர்கள் சுண்ணாம்பையும் அவுரியையும் விட்டுக்கொடுக்கவில்லை. 2000-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. எனக்கு அதைவிடப் பெரிது, அவர்கள் பழைய கைமுறையை நம்பியது.

உங்களுடையதும் பழைய செங்கல் வீடா? பெயிண்ட் கடைக்குப் போகும் முன் சுவரின் அடிப்பகுதியைத் தடவிப் பாருங்கள். கையில் வெள்ளையாக உப்பு ஒட்டினால், மேலே இருக்கும் பெயிண்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு சுண்ணாம்பு அடியுங்கள்.