ஓகஸ்ற் விடுமுறை வகுப்பு: அடுத்த தவணைப் பாடம் வேண்டாம்

யாழ்ப்பாணத்தில் விடுமுறை வகுப்பு என்றாலே மூன்றாம் தவணைப் பாடத்தை முன்கூட்டி முடித்துக் கொடுப்பது என்றுதான் பெற்றோர் நினைக்கிறார்கள். தரம் 6 முதல் 8 வரையான பிள்ளைகளுக்கு இது பெரும்பாலும் வீண் வேலை. புலமைப்பரிசில் பரீட்சை முடிந்ததும் வீட்டில் ஒரு தளர்வு வந்துவிடுகிறது. சாதாரண தரத்துக்கு இன்னும் காலம் கிடக்கிறது என்ற நினைப்பு வேறு. இந்த இடைப்பட்ட வருடங்களில் தசமமும் பின்னமும் விளங்காமலே பிள்ளை வகுப்பேறிப் போகும். தரம் 10 இல் கணிதம் "ஏலாது" என்று தெரியவரும்போது, கோளாறு தரம் 5 இலேயே தொடங்கியிருப்பது யாருக்கும் நினைவிராது. மூன்று கிழமை கையில் கிடைத்தால் அந்தப் பழைய ஓட்டையைத் தேடி அடைப்பதுதான் பயன். ஒவ்வொரு நாள் வகுப்பின் பிற்பகுதியில் வைக்கும் செய்கைகளும் அதே ஓட்டையை நோக்கியே அமைய வேண்டும். காலையில் பின்னம், பிறகு சம்பந்தமில்லாமல் பேப்பரில் பூச் செய்வது என்று இரண்டாகப் பிரித்தால், பிள்ளை முதலாவதைத் தண்டனையாகவும் இரண்டாவதைப் பரிசாகவும் எடுத்துக்கொள்ளும்.

முதல் வேலை திகதி பார்ப்பது. கல்வி அமைச்சின் தவணை அட்டவணையோடு கோயில் நாட்காட்டியையும் பக்கத்தில் வையுங்கள். நல்லூர்த் திருவிழா கொடியேற்றத்திலிருந்து தீர்த்தம் வரை 25 நாட்கள். சப்பரம், தேர், தீர்த்தம் ஆகிய கடைசி மூன்று நாட்களில் வகுப்பு வைத்தால் கதிரைகளுக்குத்தான் படிப்பிக்க வேண்டும். கோயிலைச் சுற்றியுள்ள வீதிகள் வாகனங்களுக்கு மூடப்படும் என்பதால், அந்தப் பக்கம் இடம் எடுப்பதும் புத்தியில்லை. வடமராட்சியில் என்றால் ஆவணி அமாவாசையோடு செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் கொடியேறுவதையும் கணக்கில் எடுக்க வேண்டும். கத்தோலிக்கக் குடும்பங்கள் ஓகஸ்ற் 15 ஐ ஒட்டி மடுவுக்குப் போய்விடும். ஞாயிறு காலை அறநெறிக்கும் மறைக்கல்விக்கும் உரியது, அதைத் தொட வேண்டாம். இவ்வளவையும் கழித்தபின் கிழமைக்கு ஐந்து நாள் வீதம் மூன்று கிழமை, மொத்தம் 15 நாள் கிடைத்தால் நல்ல கணக்கு. தொடர்ந்து மூன்று கிழமை கிடைக்காவிட்டால் இடையில் ஒரு இடைவெளி விட்டு நடத்துவது, பாதிப் பிள்ளைகளோடு ஒப்பேற்றுவதைவிட மேல். வரவு அவ்வளவு முக்கியம். அமெரிக்காவில் ஐந்து நகரங்களின் கோடைகால வகுப்புகளை 2013 தொடக்கம் ஆராய்ந்த ரான்ட் என்ற ஆய்வு நிறுவனமும், 20 நாட்களும் அதற்கு மேலும் வந்த பிள்ளைகளிடமே தெளிவான பலனைக் கண்டது. அங்கே விடுமுறை இரண்டு மாதத்துக்கும் மேல். எங்களுக்குக் கிடைப்பது கொஞ்ச நாள் என்பதால், எடுக்கும் விடயங்களையும் கொஞ்சமாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

இடத்துக்குச் சனசமூக நிலையம் போதும். கூரை தகரமா ஓடா என்று மட்டும் பாருங்கள். தகரக் கூரை என்றால் பதினொரு மணிக்குப் பிறகு உள்ளே எழுத்து வேலை நடக்காது. 24 பிள்ளைகளுக்கு நான்கு குழுத் தலைவர்கள், ஆளுக்கு ஆறு பிள்ளைகள். ஆறுக்கு மேல் போனால் அது சின்ன ரியூட்டரி ஆகிவிடும். உயர்தரம் எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருக்கும் அண்ணாமாரும் அக்காமாரும் இந்த வேலைக்கு நன்றாகப் பொருந்துவார்கள். அவர்களிடம் ஒரு குறை உண்டு: தாங்கள் படித்த வேகத்தில் விளக்கத் தொடங்குவார்கள். தொடங்குமுன் ஒரு முழுநாள் பயிற்சி கொடுத்து, இரண்டு பழக்கங்களை ஊட்டிவிட்டால் போதும். பிள்ளையின் பென்சிலைத் தாங்கள் வாங்கக் கூடாது. பிழை கண்டால் சரியான விடையைச் சொல்லாமல், "இது எப்பிடி வந்தது, ஒருக்காச் சொல்லும் பாப்பம்" என்று கேட்க வேண்டும். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் மேற்பார்வைக்கு இருந்தால் பெற்றோரும் நம்பி அனுப்புவார்கள்.

குழு பிரிப்பது தரத்தை வைத்து அல்ல, மட்டத்தை வைத்து. முதல் நாள் முழுவதும் இதற்கே போகட்டும். கணிதத்துக்கு ஒரே ஒரு தாள், எட்டுக் கேள்வி. புள்ளி போட வேண்டாம், பிழையின் வடிவத்தைப் பாருங்கள். 1003 இலிருந்து 457 ஐக் கழிக்கச் சொன்னால் விடை 546. ஒரு பிள்ளை 1454 என்று எழுதினால், அது ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்திருக்கிறது. அதற்குக் கழித்தல் தெரியாது என்று சொல்ல முடியாது. பூச்சியத்தைத் தாண்டிக் கடன் வாங்கத்தான் தெரியவில்லை. 204 ஐ 6 ஆல் பெருக்கி 1204 என்று எழுதும் பிள்ளை, கொண்டு வந்த 2 ஐப் பூச்சியத்தின் தலையில் போட்டுவிட்டு மறந்திருக்கிறது. அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் ஐந்தில் இரண்டு என்று வந்தால், மேலையும் கீழையும் தனித்தனியே கூட்டியிருக்கிறது. அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தபின் அரையிலும் குறைவாக ஒரு விடை வருமா என்று கேட்டாலே சில பிள்ளைகள் தாங்களே பிடித்துவிடுவார்கள். 0.35 பெரிதா 0.4 பெரிதா என்ற கேள்வியைக் கட்டாயம் வையுங்கள். தரம் 8 இலும் 0.35 என்று சொல்லும் பிள்ளைகள் இருப்பார்கள். 35 நாலைவிடப் பெரிது அல்லவா!

வாசிப்பைத் தாளில் சோதிக்க முடியாது. ஒவ்வொரு பிள்ளையாக அழைத்து, பழக்கமில்லாத 100 சொல் பந்தி ஒன்றைச் சத்தமாக வாசிக்க விடுங்கள், ஐந்து நிமிடம் போதும். ஐந்து பிழைக்குள் என்றால் அந்த மட்டப் புத்தகத்தைத் தனியே வாசிக்கலாம். பத்துக்கு மேல் போனால் அந்தப் பந்தி அந்தப் பிள்ளைக்குக் கடினம், ஒரு தரம் கீழே இறங்கிப் பாருங்கள். பந்திகளுக்கு அலைய வேண்டியதில்லை. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பாடநூல்கள் எல்லாம் இலவசமாகக் கிடைக்கும். எண்ணிக்கையோடு எந்த இடத்தில் தடக்குகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 'கொ', 'கோ' போன்ற எழுத்துகளில் குறி இரண்டு பக்கமும் நிற்பதால், மெதுவாக வாசிக்கும் பிள்ளை முதலில் 'கெ', 'கே' என்று சொல்லிவிட்டுப் பிறகு தடுமாறும். எழுத்தில் 'மளை', 'பளம்' என்று வருவது வேறு சங்கதி. எங்கள் பேச்சில் ழகரம் ளகரமாகத்தானே ஒலிக்கிறது, பிள்ளை கேட்டதை எழுதுகிறது. இதற்குக் காதுப் பயிற்சி உதவாது. சொல்லைக் கண்ணால் பார்த்து, மூடி, எழுதி, திறந்து ஒப்பிடும் பயிற்சி, நாளுக்கு எட்டுச் சொல் வீதம், வேலை செய்யும்.

நாளின் ஓட்டம் காலை 8.30 முதல் 12.30 வரை. கணிதம் முதலில் 60 நிமிடம், தலை குளிர்ந்திருக்கும் நேரம். பிறகு வாசிப்பும் எழுத்தும் 45 நிமிடம். 10.15 க்குச் சிற்றுண்டி. 10.40 இலிருந்து 12.10 வரை செய்கை, மிஞ்சிய 20 நிமிடம் அன்றைய செய்கையைப் பற்றி ஐந்து வசனம் எழுத. இந்த ஐந்து வசனத்தைத்தான் எல்லோரும் நேரமில்லை என்று விட்டுவிடுவார்கள். விட்டால் செய்கை விளையாட்டாகவே முடியும்.

15 நாளும் ஓடக்கூடிய செய்கை ஒன்று வேண்டும் என்றால் கிணற்று நீர்மட்டத்தை எடுங்கள். நெஞ்சளவு கட்டு உள்ள கிணறாக இருக்க வேண்டும், நாடாவை இறக்குவது பெரியவர் மட்டுமே. கட்டின் மேல் ஒரு இடத்தில் பெயின்றால் குறி வைத்து, தினமும் அதிலிருந்தே அளக்க வேண்டும். நாடாவின் நுனியில் ஒரு சின்ன வெற்றுத் தகரப் பேணியை வாய் கீழ்நோக்கி இருக்கக் கட்டிவிட்டால், தண்ணீரைத் தொட்டவுடன் 'டொப்' என்று கேட்கும். பேணியின் நீளத்தையும் சேர்க்க மறக்க வேண்டாம். முதல் நாள் 4.85 மீற்றர், சில நாள் கழித்து 4.9 மீற்றர் என்று வைப்போம். "தண்ணி ஏறியிருக்கு, 85 இலிருந்து 9 ஆகக் குறைஞ்சிட்டுது" என்று ஒரு பிள்ளையாவது சொல்லும். அந்த நேரத்துக்காகத்தான் இவ்வளவு பாடும். நாடாவை நிலத்தில் விரித்து 4 மீற்றர் 85 சென்ரிமீற்றர், 4 மீற்றர் 90 சென்ரிமீற்றர் இரண்டையும் விரலால் தொடச் செய்யுங்கள். முதல் நாள் தாளில் பிழைத்த 0.35 உம் 0.4 உம் இப்போது தானாக நேராகும்.

இந்தச் செய்கை இரண்டு இடத்தில் பிழைக்கும். ஒன்று, அளவு மேலிருந்து கீழே போகிறது, அதனால் எண் கூடினால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. அப்படியே வரைபில் போட்டால் கோடு மேலே ஏறும், பிள்ளைகள் மழை பெய்தது போலக் கதை சொல்வார்கள். நிலைக்குத்து அச்சில் பூச்சியத்தை மேலே வைத்துக் கீழ்நோக்கி எண்ணுங்கள். மற்றது மோட்டார். தோட்டத்துக்கு இறைத்த கையோடு அளந்தால் மட்டம் தாழ்ந்திருக்கும், கொஞ்ச நேரத்தில் ஊறிவிடும். ஒரு நாள் இறைப்புக்கு முன், மறுநாள் பின் என்று அளந்தால் வரைபு கோணல்மாணலாகத்தான் வரும். வீட்டுக்காரரிடம் கேட்டு, இறைப்புக்கு முந்திய நேரம் ஒன்றை நிரந்தரமாக்குங்கள். பாதுகாப்பான கிணறு கிடைக்காவிட்டால் அகலமான பேசினில் தண்ணீர் விட்டு வெயிலில் வைத்து, நாளுக்கு எத்தனை மில்லிமீற்றர் வற்றுகிறது என்று அளக்கலாம். காகம் குடிக்காமல் வலை போட வேண்டும், அவ்வளவுதான்.

இதன் தொடர்ச்சியாக நிலாவரைக் கிணற்றுக்கு ஒரு நாள் போகலாம். மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்புத் தண்ணீர். புறப்படுமுன் வகுப்பிலேயே காட்டிவிடுங்கள். ஒரு லீற்றர் தண்ணீரில் 35 கிராம் உப்பு, ஏறக்குறைய கடல்நீர் அளவு, கரைத்துக் கொஞ்சம் நிறம் சேர்த்து, ஒரு கண்ணாடிக் குவளையில் பாதிவரை ஊற்றுங்கள். அதன்மேல் கரண்டியின் முதுகில் வழியவிட்டு நல்ல தண்ணீரை மெதுவாக விட்டால் இரண்டும் அடுக்காக நிற்கும். அவசரப்பட்டு ஊற்றினால் கலந்துவிடும், இரண்டாம் தரம் செய்யத் தயாராக உப்பு வைத்திருங்கள். சுண்ணாம்புக்கல்லுக்குள் மழைநீர் கடல்நீரின்மேல் மிதந்து நிற்கிறது என்பதும், அளவுக்கு மிஞ்சி இறைத்தால் ஏன் கிணறு உவர்க்கிறது என்பதும் இதற்குப் பிறகு விளக்கமே தேவைப்படாது.

பின்னத்துக்கு பனங்காய்ப் பணியாரம். விடுமுறைக் காலம் பனம்பழம் விழும் காலம். பிழிந்து வடித்த களி 1 சுண்டு, சீனி ¾ சுண்டு, மா 1½ சுண்டு என்று பலகையில் எழுதி, இதை ஒன்றரை மடங்காக்கச் சொல்லுங்கள். 1½, 1⅛, 2¼ என்று வர வேண்டும். ¾ இல் பாதி எப்படி ⅜ ஆகிறது என்பதில்தான் குழு நிற்கும், நிற்கட்டும். சீனியைக் களியோடு சேர்த்துக் காய்ச்சி ஆறவிட்டுத்தான் மா போட வேண்டும், இல்லாவிட்டால் காறல் போகாது. களி நீர்த்தன்மையாக இருந்தால் மா இன்னும் கொஞ்சம் பிடிக்கும். எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் பிள்ளைகள் வேண்டாம். பனம்பழம் பிழிந்து நார் ஒட்டிய கையோடு வீட்டுக்குப் போவார்கள், பழைய சட்டை போட்டு அனுப்பச் சொல்லி முதல் நாளே பெற்றோருக்கு அறிவித்துவிடுங்கள்.

வெளியே கூட்டிப் போவது கிழமைக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். யாழ்ப்பாணக் கோட்டையும் பொது நூலகமும் நடை தூரத்தில் இருப்பதால் ஒரே காலையில் முடிக்கலாம். கோட்டையில் நிழல் இல்லை, எட்டு மணிக்கு உள்ளே நுழைந்து பத்துக்கு முன் வெளியேறுங்கள். ஒல்லாந்தர் கட்டிய ஐங்கோண வடிவம் அது. மூத்த குழுவுக்கு முந்திய நாளே செய்மதிப் படத்தைப் போட்டோகொப்பி எடுத்துக் கொடுத்து, ஐந்து உட்கோணங்களையும் பாகைமானியால் அளந்து கூட்டச் சொன்னால் 540 பாகைக்குக் கிட்ட வரும். ஒன்றிரண்டு பாகை கூடிக் குறைவது ஏன் என்று விவாதிக்க விட்டு, பிறகு மதிலில் ஏறி நடக்க விடுங்கள். மதில் ஓரத்தில் ஆறு பிள்ளைக்கு ஒருவர் போதாது, மூன்றுக்கு ஒருவர் வேண்டும். அன்றைக்குப் பெற்றோரில் நாலு பேரைக் கூப்பிடுங்கள்.

சிற்றுண்டிக்கு அவித்த கடலை அல்லது கௌபி. பிள்ளைக்கு 40 கிராம் உலர் நிறை வீதம் 24 பேருக்கு ஒரு கிலோ சரி, முதல் இரவே ஊறப் போட வேண்டும். திருவிழாக் காலத்தில் பல வீடுகளில் மச்சம் இல்லை, ஆகவே மீன் ரோல்ஸ், முட்டை சேர்ந்த பலகாரம் எதுவும் வேண்டாம். கச்சான் ஒத்துக்கொள்ளாத பிள்ளை இருக்கிறதா என்பதைப் பதிவுப் படிவத்திலேயே கேளுங்கள். அதே படிவத்தில் பிள்ளையை யார் கூட்டிப் போவார், எந்த மருந்து எடுக்கிறது, அவசரத்துக்கு இரண்டு தொலைபேசி எண்கள் ஆகியவையும் இருக்கட்டும். குழுத் தலைவர் எவரும் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியே இருக்கக் கூடாது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சில் விட்டால் இரண்டாம் கிழமை மறந்துவிடுவார்கள்.

வரவு பெரும்பாலும் இரண்டாம் கிழமைதான் சரியும். காரணம் பிள்ளைகளுக்கு அலுப்பு என்று நினைப்போம். விசாரித்துப் பார்த்தால் பாதி வீடுகளில் தம்பி தங்கையைப் பார்க்க ஆளில்லை, அல்லது கூட்டிவர ஓட்டோ இல்லை. ஒரு நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு அன்று பின்னேரமே தொலைபேசி எடுத்தால் மறுநாள் வரும். இரண்டு நாள் விட்டால் வெட்கத்தில் நின்றுவிடும். "அடுத்த தவணைப் பாடம் எப்ப தொடங்குவியள்?" என்று கேட்கும் பெற்றோருக்கு வாயால் விளக்கம் சொல்ல வேண்டாம். முதல் நாள் தாளில் பிள்ளை எழுதிய 1454 ஐக் காட்டுங்கள்.

கடைசி நாளில் அதே எட்டுக் கேள்வியை எண்களை மட்டும் மாற்றிக் கொடுங்கள். இரண்டு தாளையும் ஒன்றாகக் குத்தி, வாசிப்புப் பிழை எண்ணிக்கையை முதல் நாள், கடைசி நாள் என்று கீழே எழுதி, பெற்றோரிடம் கையில் கொடுங்கள். இன்னும் சரிவராத ஒரு விடயத்தையும் அதில் குறிப்பிடுங்கள், ஒன்றுக்கு மேல் வேண்டாம். பெற்றோர் சம்மதித்தால் ஒரு பிரதி பாடசாலையில் கணிதம் படிப்பிக்கும் ரீச்சருக்கும் போகட்டும், தவணை தொடங்கி முதல் கிழமைக்குள்.