ஆடிட்னா கணக்கு பாக்குறது இல்லயாம்

ஆகஸ்ட் 5
ஓரியண்டேஷன். ரெண்டு மணி நேரம் பேசினாங்க. நோட்டுல நான் எழுதி வச்சது: கிரெடிட், எலெக்டிவ், ப்ரீரெக்விசிட், ஜிபிஏ, சிஜிபிஏ, ஆடிட். பக்கத்துல இருந்தவன் எல்லாத்துக்கும் பலமா தலையாட்டிட்டே இருந்தான், சரி இவன்கிட்ட கேட்டுக்கலாம்னு பாத்தா வெளிய வந்ததும் "உனக்கு ஏதாச்சும் புரிஞ்சுதா மச்சி"ங்கறான்.

ஆகஸ்ட் 8
சிலபஸ்னா பாடங்களோட பேரு இருக்கும், அவ்ளோதான்னு நெனச்சிருந்தேன். இங்க குடுத்தது ஆறு பக்கம். எந்த வாரம் எந்த பாடம், இன்டர்னலுக்கு எவ்ளோ, அசைன்மென்ட் ஒரு நாள் லேட்டானா எவ்ளோ கட், எல்லாம் அதுலயே இருக்கு. கிளாஸ்ல எவன் கை தூக்கி என்ன கேட்டாலும் மேடம் சொல்ற ஒரே பதில் "சிலபஸ்ல போட்டிருக்கேனே".

அந்த வார்த்தை எங்கேர்ந்து வந்துச்சுன்னு தேடினா செம காமெடி. பழைய ரோம் எழுத்தாளர் சிசரோவோட கடிதங்கள்ல 'சிட்டிபாஸ்'னு ஒரு கிரேக்க சொல் இருந்துச்சாம், சுருள் ஏட்டுல ஒட்டுற பேர்ச்சீட்டு. 15ஆம் நூற்றாண்டுல அச்சடிச்சவங்க அத தப்பா 'சில்லபஸ்'னு போட்டுட்டாங்க, அதுவே நின்னுடுச்சு. எழுத்துப்பிழைக்கு மார்க் கட் பண்ணுவோம்னு போட்டிருக்கற பேப்பரோட பேரே எழுத்துப்பிழை.

ஆகஸ்ட் 19
எலெக்டிவ், அதாவது நாமளே தேர்ந்தெடுக்கற பாடம், செலக்ட் பண்ணப் போனேன். க்ளிக் பண்ணா 'ப்ரீரெக்விசிட் நாட் மெட்'னு செவப்புல வருது. யாரையோ மீட் பண்ணலனு சொல்லுதுன்னு நெனச்சு டிபார்ட்மென்ட் வாசல்ல முக்கால் மணி நேரம் நின்னேன், நெசமாத்தான். அப்பறம் சீனியர் அக்கா ஒருத்தங்க, சிரிப்ப அடக்கிக்கிட்டே, "இந்த கோர்ஸ் எடுக்கணும்னா அதுக்கு முன்னாடி இன்னொன்ன முடிச்சிருக்கணும்பா, அத நீ முடிக்கல, அதான்"னாங்க.

செப்டம்பர் 2
ஆபீஸ் ஹவர்ஸ். மேடம் வேலையா இருக்கற நேரம், தொந்தரவு பண்ணக்கூடாது போலனு ஒரு மாசமா அந்த டைம்ல அந்தப் பக்கமே போகாம ஒதுங்கிப் போயிட்டிருந்தேன். நாம போய் டவுட் கேக்கணும்னே ஒதுக்கி வச்ச நேரமாம் அது! மேடம் தனியா உக்காந்திருப்பாங்க, நான் கதவத் தாண்டி பூனை மாதிரி போவேன். இத யாராச்சும் மொத நாளே சொல்லியிருக்கலாம்.

அக்டோபர் 11
கிரெடிட்னா ஒரு பாடத்துக்கு எவ்ளோ வெயிட்டுனு சொல்ற நம்பர், இன்னைக்குத்தான் புரிஞ்சுது, லேட்டா. லேப் ரெக்கார்டுக்கு ராத்திரி ராத்திரியா படம் வரைஞ்சிட்டிருந்தேன், அந்த சீனியர் அக்கா பாத்துட்டு "இது எத்தனை கிரெடிட்"னாங்க. ஒண்ணு. "மேத்ஸ்?" நாலு. உடனே ரெக்கார்டோட கடைசிப் பக்கத்துலயே போட்டுக் காட்டினாங்க. மேத்ஸ்ல கிரேடு பாயின்ட் 6னா 4 x 6 = 24. லேப்ல முழு 10 வாங்கினாலும் 1 x 10 = 10. கூட்டினா 34, மொத்தம் 5 கிரெடிட், வகுத்தா 6.8. நான் மனசுல போட்டு வச்சிருந்த கணக்கு, 6ம் 10ம் கூட்டி பாதி, 8! மேத்ஸ்ல ஒரே ஒரு பாயின்ட் ஏத்தியிருந்தா 7.6 வந்திருக்கும். படத்துக்கு ஷேடிங் வேற பண்ணியிருந்தேன்.

இப்படி வர்ற சராசரிதான் ஜிபிஏ, அது அந்த செமஸ்டருக்கு மட்டும், சிஜிபிஏ இதுவரைக்கும் முடிச்ச எல்லாத்துக்கும் சேத்து. சில காலேஜ்ல 10க்கு, சில இடத்துல 4க்கு, அதனால வெறும் 3.5னு யாராச்சும் சொன்னா பாவம்னு நெனச்சுடக்கூடாது.

நவம்பர் 14
ஆடிட் கோர்ஸ்னா கணக்குப் பாடம்னு நெனச்சு கால்குலேட்டரோட போன ஆளு நானாத்தான் இருப்பேன். சும்மா உக்காந்து கேக்கலாம், ஜிபிஏல சேராது, அதான் ஆடிட். லத்தீன்ல 'ஆடிரே'ன்னா கேக்குறதாம், கணக்கு ஆடிட்டும் அதே வேர்தான், அந்தக் காலத்துல கணக்க வாசிக்கச் சொல்லிக் காதால கேட்டுத்தான் சரி பாப்பாங்களாம். நான் பாதி கரெக்ட்.

டிசம்பர் 20
ரிசல்ட். 7.1. அம்மாவுக்கு போன் பண்ணேன்.
"எவ்ளோ?"
"ஏழு பாயின்ட் ஒண்ணும்மா."
"நூத்துக்கா?"
"பத்துக்கு."
கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. நான் கிரெடிட்ட கிரேடு பாயின்டால பெருக்கி அப்பறம் மொத்த கிரெடிட்டால வகுத்துனு ஆரம்பிச்சேன்.
"அதெல்லாம் இருக்கட்டும்டா. பாஸா இல்லயா?"