தகரக் கூரை வீட்டுக்காரர்கள் கவனத்துக்கு

புயல் காற்று கூரையை அமுக்குவதைவிட உறிஞ்சித் தூக்குவதுதான் அதிகம். முதலில் கிளம்புவது ஓரமும் மூலையும். அங்கே தகட்டைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் கொக்கி போன்ற ஜே போல்ட்டுகளை இன்றே பாருங்கள். ரப்பர் வாஷர் வெடித்து, ஓட்டை பெரிதாகியிருந்தால் நட்டை மட்டும் முறுக்கிப் பயனில்லை. தகடு நட்டைத் தாண்டி உருவிக்கொண்டு வந்துவிடும். அகலமான வாஷர் போட்டு முறுக்குங்கள். ஷீட்மேல் நேராகக் கால் வைக்காமல் பலகை போட்டு ஏறுங்கள், அதுவும் காற்று தொடங்கும் முன்பே.

கூரைமேல் செங்கல் அடுக்குவது வேண்டாத வேலை. தகடு எழும்பினால் அந்தச் செங்கல் பக்கத்து வீட்டுக்காரர் தலையில் விழும்.

கதவு, ஜன்னலைத் தாழிடுங்கள். உள்ளே புகுந்த காற்று கூரையைக் கீழிருந்தும் தள்ளும்.

சட்டென்று காற்று நின்றுவிட்டதா? வெளியே வராதீர்கள். புயலின் கண், அதாவது காற்று அடங்கிய நடுப்பகுதி, கடக்கிறது என்றால், சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அடிக்கும். 2018 கஜா புயலைப் பார்த்த வேதாரண்யத்துக்காரர்களுக்குப் புயலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்குத்தான் இது.

அறுந்த மின்கம்பி கிடந்தால் கிட்டப் போகாமல் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்குச் சொல்லுங்கள்: 94987 94987.