அம்மா நாரெடுத்த அவரைக்காய்

கடலூரில் இருந்துகொண்டு வடலூர் ஜோதி பார்க்காமல் இருப்பதா என்று அம்மாவுக்குப் பல வருஷக் குறை. தைப்பூசத்தன்று போகலாம் என்றார். அந்த நெரிசல் அவர் முழங்காலுக்கு ஆகாது என்று நான்தான் மாதப் பூசத்துக்குத் தள்ளிவைத்தேன். குறிஞ்சிப்பாடி வழியாகப் போகும் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்ததும் பாதிக் குறை தீர்ந்துவிட்டது.

ஜோதி ராத்திரிதான். இறங்கியதும் தருமசாலைக்குப் போனோம். பசித்து வருகிறவர்களுக்குச் சோறு போட 1867 மே 23-ஆம் தேதி வள்ளலார் தொடங்கிய சாலை இது. அன்று மூட்டிய அடுப்பை இன்றுவரை அணைய விட்டதில்லை. நாங்கள் போனபோது ஒரு பெரியவர் வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டே விறகை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். இவருக்கு முன்னால் எத்தனை பேரோ.

பந்தியில் அம்மாவால் தரையில் உட்கார முடியவில்லை. தயங்கி நின்றவரைப் பார்த்து, பரிமாறிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் வாளியைக் கீழே வைத்தார். காலி எண்ணெய் டின் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, மேலே சாக்கை நாலாக மடித்து விரித்தார். "உக்காருங்கம்மா, ஆடாது." எந்த ஊர், என்ன ஆளுங்க, ஒன்றும் கேட்கவில்லை. ரசம் இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்பது மட்டும்தான் கேள்வி.

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எதை நினைத்தார் என்று எனக்குத் தெரியும். 2011 டிசம்பர் 30, தானே புயல். எங்கள் வீட்டு ஓடு முக்கால்வாசி பறந்துவிட்டது. கரண்ட் இல்லை, அடுப்பெரிக்கக் காய்ந்த சுள்ளி இல்லை. மூன்றாம் நாள் ஒரு வேனில் நாலைந்து பையன்கள் வந்து சாம்பார் சாதப் பொட்டலம் கொடுத்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்கள். பொட்டலத்தைப் பிரிக்கிற அவசரத்தில் நாங்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஒரு வார்த்தை சொல்லலியே" என்று அம்மா இன்னும் சொல்வார்.

அந்தக் கடனும் சேர்த்துத்தானோ என்னவோ, கை கழுவியதும் அந்த அம்மாளின் கையைப் பிடித்து நூறு ரூபாயைத் திணித்தார்.

"எனக்கு எதுக்கும்மா இது? உண்டியல்ல போடுங்க. கை சும்மாதானே இருக்கு, அந்த அவரைக்காய கொஞ்சம் நாரெடுங்க."

அப்புறம் அம்மா எழுந்திருக்கவே இல்லை. டின்னை இழுத்துப் போட்டுக்கொண்டு மூன்று மணி நேரம் நாரெடுத்தார். கூட உட்கார்ந்திருந்த பெண்களோடு பேச்சு வேறு. முழங்கால் பற்றி மூச்சு இல்லை!

நான் தனியாகச் சத்திய ஞான சபைப் பக்கம் நடந்துவிட்டு வந்தேன். எண்கோணக் கட்டடம், சுற்றிலும் இரும்புச் சங்கிலி, வாசலில் கொலை புலை (உயிர்க்கொலை, புலால்) தவிர்த்தவர்களே உள்ளே வரவேண்டும் என்ற எழுத்து. நின்று படித்தேன்.

ராத்திரி சபையில் ஜோதியை மறைத்திருக்கும் திரைகள் விலகின. தைப்பூசத்தன்று ஏழு திரை, மாதப் பூசத்தில் ஆறு. "அருட்பெருஞ்ஜோதி" என்று கூட்டம் முழங்க, அம்மா கை கூப்பியபடி நின்றார். கண் சிமிட்டும் நேரம்தான். போதும் என்றார்.

திரும்பும் பஸ்ஸில் தூங்குகிறார் என்று நினைத்தேன். நகக்கண்ணில் ஒட்டியிருந்த பச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், குறிஞ்சிப்பாடி தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பொம்பள பேரக் கேக்கவே இல்லையேடா."