சின்னக் கைக்கு ஒரு பிஸ்டல்

ஹூஸ்டன் புறநகரில் நானும் என் வீட்டுக்காரரும் ஒரு கேஸ் ஸ்டேஷன் கடை நடத்துகிறோம். பால், பீர், சிகரெட், லாட்டரி என்று எல்லாம் விற்கும் கடை. இரவில் கடையைப் பூட்டுவது பெரும்பாலும் நான்தான். பணப்பையோடு கார் வரை நடக்கும் அந்தக் கொஞ்ச தூரம்தான் பிஸ்டல் பேச்சை வீட்டில் கிளப்பியது. வாங்கலாமா வேண்டாமா என்ற வாக்குவாதத்தை இங்கே இழுக்கப் போவதில்லை. அது எங்கள் வீட்டில் நெடுநாள் ஓடியது, உங்கள் வீட்டில் வேறு முடிவு வரலாம். வாங்குவதென்று ஆன பிறகு எதை வாங்குவது என்று நான் அலைந்ததைத்தான் எழுதுகிறேன். ஐந்தடி உயரமும் சின்னக் கையும் உள்ள பெண்களுக்கு இதைத் தமிழில் யாரும் சொல்லி நான் பார்க்கவில்லை.

சட்டத்தை முதலில் முடித்துவிடுகிறேன். டெக்ஸாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயதாகி, சட்டத் தடை எதுவும் இல்லாதவர் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம். ஆனாலும் நான் எல்டிசி எனப்படும் மாநில லைசென்ஸ் எடுத்தேன். பள்ளிக்கூடத்தைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பதை மத்திய சட்டம் தடுக்கிறது, மாநில லைசென்ஸ் உள்ளவருக்கு அதில் விலக்கு உண்டு. தினமும் மகளைப் பள்ளியில் இறக்கிவிடுகிறவளுக்கு அந்த ஒரு காரணம் போதும். கட்டணம் 40 டாலர். 4 முதல் 6 மணி நேர வகுப்பு, எழுத்துத் தேர்வு, கைரேகை, அப்புறம் சுடும் தேர்வு. 3, 7, 15 கெஜத்தில் மொத்தம் 50 தோட்டா சுட்டு, 250க்கு 175 எடுக்க வேண்டும். நாங்கள் குடியுரிமை பெற்றவர்கள். கிரீன் கார்டு உள்ளவர்களும் வாங்கலாம். எச்1பி மாதிரி விசாவில் இருப்பவர்கள் சில விதிவிலக்குகள் தவிர துப்பாக்கியைத் தொடாமல் இருப்பதே நல்லது. சும்மா வைத்திருந்தாலே குற்றம்.

சரி, துப்பாக்கிக்கு வருவோம். எனக்கு ஊரெல்லாம் சொன்ன யோசனை ஒன்றுதான்: "லேடீஸுக்குச் சின்னதா ஒண்ணு போதும்." கடைக்காரர்களும் என்னைப் பார்த்ததும் கண்ணாடிப் பெட்டியிலிருந்து சின்ன ரகத் தோட்டா போடும் ஒரு குட்டி .380 பிஸ்டலைத்தான் எடுத்து நீட்டினார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும், கால் கிலோவை ஒட்டிய எடை. பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். ரேஞ்சில், அதாவது சுட்டுப் பழகும் கூடத்தில், அதே அளவில் ஒன்றை வாடகைக்கு எடுத்துச் சுட்டேன். கட்டைவிரலுக்கு அடியில் சுளீர் என்றது. சுண்டுவிரலுக்குப் பிடிக்க இடமே இல்லை, அது அந்தரத்தில் தொங்கியது. முனையில் இருந்த குறிகாட்டி அரிசி அளவுதான். ஒரு மேகசின், அதாவது பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி, முடிவதற்குள் அடுத்ததைச் சுட மனசு வரவில்லை.

காரணத்தைப் பயிற்சியாளர்தான் விளக்கினார். அவர் போலீஸில் இருந்து ஓய்வு பெற்ற பெண்மணி. துப்பாக்கி எவ்வளவு இலேசோ அவ்வளவு அதிகமாகக் கையை உதைக்கும், உதையை வாங்கிக்கொள்ள எடை இல்லையே. ஸ்லைடு, அதாவது ஒவ்வொரு முறை சுடும்போதும் பின்னால் போய்த் திரும்பும் மேல்பாகம், குட்டையானால் அதற்குள் இருக்கும் ஸ்பிரிங்கை இன்னும் விறைப்பாக வைக்க வேண்டிவரும், பின்னால் இழுப்பதும் கஷ்டமாகும். மணிக்கட்டு தளர்ந்தால் ஸ்லைடு முழுசாகப் பின்னுக்குப் போகாது, காலித் தோட்டா வாயிலிலேயே நின்று மாட்டிக்கொள்ளும். ஆக, மறைப்பதற்குச் சுலபமானது சுடுவதற்குக் கஷ்டமானது. புதிதாகப் பழகுகிறவர்கள் கையில்தான் அதைக் கொண்டுபோய்த் திணிக்கிறார்கள்!

அடுத்து எதிர்முனைக்குப் போனேன், கிளாக் 19. 1988இல் வந்தது, 4 அங்குலக் குழல், 15 தோட்டா. கிளாக் கம்பெனி கணக்கில் இதற்கே 'காம்பாக்ட்' என்று பெயர். சுடும்போது எவ்வளவு சாதுவாக இருந்தது தெரியுமா! 7 கெஜத்தில் காகிதத் தட்டுக்குள் எல்லாம் விழுந்தன. ஆனால் பிடி தடிமன். என் ஆள்காட்டி விரல் டிரிகரை எட்டவேண்டுமானால் மொத்தக் கையையும் பக்கவாட்டில் திருப்ப வேண்டியிருந்தது. இடுப்பில் வைத்தால் பிடியின் அடிமுனை குர்த்திக்குப் பின்னால் முழங்கை மாதிரி முட்டிக்கொண்டு நின்றது.

இந்த இரண்டுக்கும் நடுவில்தான் என் ஆள் இருந்தது. முன்பெல்லாம் 9 எம்எம் தோட்டா போடும் ஒல்லியான பிஸ்டல் என்றால் 6, 7, 8 தோட்டாவோடு திருப்திப்பட வேண்டும். 2018இல் சிக் சாயர் கம்பெனியின் பி365 ஒல்லி உடம்பில் 10 தோட்டாவை அடக்கிக் காட்டியது. மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள்: 2019இல் கிளாக் 43எக்ஸ், ஸ்பிரிங்ஃபீல்டு ஹெல்கேட், 2021இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஷீல்டு பிளஸ். எல்லாமே ஏறக்குறைய ஒரு அங்குல அகலம், அரைக் கிலோவை ஒட்டிய எடை.

பயிற்சியாளர் எந்த பிராண்டையும் சிபாரிசு செய்யவில்லை. "கையைக் காட்டுங்க" என்றார். காலித் துப்பாக்கிதானா என்று இரண்டு பேரும் தனித்தனியாகச் சரிபார்த்த பிறகு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதை பிடியின் உச்சியில் பதியும்படி என்னைப் பிடிக்கச் சொன்னார். குழலும் முழங்கையும் ஒரே கோட்டில் வரவேண்டும். அந்த நிலையில் விரல்நுனிச் சதை டிரிகர் மேல் இயல்பாக உட்காருகிறதா? கண்ணை மூடி நீட்டி, திறந்து பார்த்தால் குறி எங்கே நிற்கிறது? 43எக்ஸில் எனக்குக் குறி கொஞ்சம் மேலே ஏறி நின்றது, கிளாக் பிடியின் சாய்வு என் மணிக்கட்டுக்கு ஒத்துவரவில்லை. பி365 நன்றாகவே உட்கார்ந்தது. ஷீல்டு பிளஸ் அதைவிட ஒரு படி மேல்.

ஸ்லைடு இழுப்பதில் பலம் மட்டும் போதாது, முறை வேண்டும். குழல் ஆபத்தில்லாத பக்கம் பார்த்திருக்க, துப்பாக்கியை நெஞ்சுக்கு அருகே கொண்டுவந்து, இடது கையின் நாலு விரலும் உள்ளங்கையும் சேர்த்து ஸ்லைடை மேலிருந்து இறுக்கிப் பிடித்து, வலது கையால் பிடியை முன்னால் தள்ள வேண்டும். இழுப்பதைவிடத் தள்ளுவது எனக்குப் பாதி சிரமம்தான். மூட்டுவலிக்காரர்களுக்கு அதுவும் முடியாவிட்டால் ஷீல்டு ஈஇசட் என்றே ஒரு மாடல் இருக்கிறது. கொஞ்சம் பெரிசு, ஆனால் ஸ்லைடு லகுவாக வரும்.

கடைசியில் ஷீல்டு பிளஸ்தான். கூடவே 10 தோட்டா மேகசின் ஒன்று, 13 தோட்டா மேகசின் ஒன்று. நீளமான மேகசின் போட்டால் சுண்டுவிரலுக்கும் இடம் கிடைக்கிறது. கட்டைவிரலால் தள்ளினால்தான் சுட முடிகிற சேஃப்டி பூட்டு உள்ளதை வாங்கினேன். இதில் என் வீட்டுக்காரருக்குச் சம்மதமில்லை, பதற்றத்தில் தள்ள மறந்துவிடுவாய் என்கிறார். நியாயமான பயம்தான். ஆனால் துப்பாக்கியைத் திரும்ப இடுப்புக்குள் செருகும் நேரம்தான் எனக்குப் பெரிய பயம். சட்டை நுனி டிரிகரில் மாட்டினால் போச்சு. அதனால் உறையிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு முறையும் சேஃப்டியைத் தள்ளுவதையும் சேர்த்தே பழகுகிறேன்.

துப்பாக்கியைவிட உறைதான் என்னைப் பாடாய்ப்படுத்தியது. ஹோல்ஸ்டர் கடைகள் எல்லாம் ஜீன்ஸும் தடித்த பெல்ட்டும் போட்ட ஆம்பிளைகளை நினைத்தே நடக்கின்றன. நாடா கட்டிய சுடிதார் பேன்ட்டில் அரைக் கிலோவை மாட்டிப் பாருங்கள், நாடாவோடு கீழே வரும். எனக்கு வேண்டியதெல்லாம் டிரிகரை முழுதாக மூடும் கெட்டியான கைடெக்ஸ் பிளாஸ்டிக் உறை, அதைத் தாங்க விறைப்பான பெல்ட். ஜீன்ஸ் நாளுக்கு அது சரி. லெகிங்ஸ் நாளுக்கு வயிற்றைச் சுற்றும் பட்டை, அதிலும் டிரிகர் பகுதிக்குக் கெட்டி ஓடு இருக்க வேண்டும். புடவை நாளில் துப்பாக்கி பெட்டகத்துக்குள், அவ்வளவுதான். கைப்பையில் வைக்கலாமே என்பார்கள். பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினால் துப்பாக்கியும் சேர்ந்து ஓடும், மகளும் சாக்லேட் தேடி அதே பைக்குள்தான் கை விடுவாள்.

வலது இடுப்புக்குப் பின்பக்கம் வைத்தால் என் இடுப்பு வளைவு பிடியை விலா எலும்பில் கொண்டுபோய்க் குத்தியது. கூலரின் கீழ்த்தட்டில் பால் அடுக்கக் குனிந்தால் சட்டை மேலேறி எல்லாம் வெளியே தெரிந்தது. முன்பக்கம், தொப்புளுக்குச் சற்று வலப்புறம் மாற்றியதும் இரண்டு தொல்லையும் தீர்ந்தன. காரில் உட்காரும்போது 3.1 அங்குலக் குழல் தொடையில் இடிக்கவில்லை. இதையெல்லாம் காலித் துப்பாக்கியோடு, வீட்டிலேயே பாத்திரம் கழுவி, துணி மடித்து, சீட் பெல்ட் போட்டுக் கழற்றித்தான் கண்டுபிடித்தேன். வெளிர்நிற வெற்றுச் சட்டையைவிடப் பூப்போட்ட தொளதொளச் சட்டை நன்றாக மறைக்கிறது.

போகக்கூடாத இடங்களை மனப்பாடம் செய்ய வேண்டும். தபால் நிலையம் கூடாது. லைசென்ஸ் உள்ளவரும் துப்பாக்கியை மறைத்து உள்ளே கொண்டுவரக் கூடாது என்று சொல்லும் 30.06 பலகையை வாசலில் வைத்த இடங்களும், வருமானத்தில் பாதிக்கு மேல் அங்கேயே குடிக்கும் மதுவில் வருவதைக் காட்டச் சிவப்பில் 51% போட்ட பார்களும் கூடாது. தங்கை வீட்டுக்குக் கலிஃபோர்னியா போகும்போது வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறேன், அந்த மாநிலம் வேறெந்த மாநில லைசென்ஸையும் ஏற்பதில்லை.

வாங்கும் வேலை சீக்கிரம் முடிந்தது. துப்பாக்கி வாங்குபவர் கடையில் நிரப்ப வேண்டிய 4473 என்ற மத்திய அரசுப் படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டேன். டெக்ஸாஸில் எல்டிசி இருந்தால் எஃப்பிஐ பின்னணிச் சோதனைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. உறை, பெல்ட், கூடுதல் மேகசின், விரல் வைத்தால் திறக்கும் பெட்டகம் எல்லாம் சேர்ந்து துப்பாக்கி விலையை எட்டிப் பிடித்தன. பெட்டகத்தில் கஞ்சம் பார்க்கவில்லை. 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை கைக்கு எட்டும்படி தோட்டா நிரப்பிய துப்பாக்கியை வைப்பது இங்கே குற்றம். சட்டமே இல்லாவிட்டாலும் எங்கள் வீட்டில் ஒன்பது வயதுக்காரி இருக்கிறாள்.

பயிற்சிக்கு மலிவான சாதாரண 9 எம்எம் தோட்டா போதும். இடுப்பில் வைப்பது ஹாலோ பாயின்ட், அதாவது முனையில் குழி உள்ள தோட்டா. அது உடம்பில் பட்டால் விரிந்து, ஊடுருவிப் பின்னால் நிற்பவர்மேல் பாய்வதைக் குறைக்கும். அது விலை கூடியது, 20 தோட்டாவாகப் பெட்டியில் வரும். ஆனாலும் உங்கள் துப்பாக்கியில் அது சிக்காமல் ஓடுகிறதா என்று சுட்டுப் பார்த்த பிறகுதான் நம்ப வேண்டும். நான் சுட்டுப் பார்த்தேன், ஒன்றும் மாட்டவில்லை. பில்லைப் பார்த்து வீட்டுக்காரர்தான் முணுமுணுத்தார்.