பூல் புலையா: நாகவல்லி மஞ்சுளிகா ஆன கதை

2007-இல் பிரியதர்ஷன் இந்தியில் எடுத்த 'பூல் புலையா'வின் மூலக்கதை, ஃபாசிலின் மலையாளப் படம் 'மணிச்சித்ரதாழ்' (1993). மலையாளத்தில் கங்கா என்ற பெண்ணுக்குள் புகும் நாகவல்லி தஞ்சாவூர்க்காரி. கேரளத் தரவாட்டில் (பூர்வீக வீட்டில்) திடீரென்று தமிழ் பேசுவாள். அந்த மொழி மாற்றம்தான் முதல் திகில். பிரியதர்ஷன் இதைச் சரியாகப் பிடித்தார். வட இந்திய அரண்மனையில் வித்யா பாலனின் மஞ்சுளிகா வங்காள மொழியில் சீறுகிறாள். பி. வாசுவின் 'சந்திரமுகி'யிலும் (2005) இதே உத்திதான், அங்கே மொழி தெலுங்கு. ஆனால் கதையின் எடை ரஜினி பக்கம் சாய்ந்துவிட்டது. படத்தில் வரும் அந்தப் பெரிய பாம்புக்குக் கடைசிவரை விளக்கமே இல்லை.

'மணிச்சித்ரதாழ்' படத்தில் கட்டிலை ஒற்றைக் கையால் தூக்கும் காட்சியைப் பாருங்கள். கங்காவாக நடித்த ஷோபனாவிடம் கோபம் முதலில் கண்ணில் ஏறுகிறது, குரல் பிறகுதான் மாறுகிறது. அந்த இடைவெளிதான் நம்மை உறைய வைக்கிறது. தேசிய விருது சும்மா வரவில்லை!